மேமோகிராமில் பைராட்ஸ் 0: நான் போட்ட பவுடர்தான் காரணமா?

கேள்வி (தண்டையார்பேட்டை தையல்கடை)

எனக்கு 44 வயது. வீட்டு வாசலிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். கட்டி கிட்டி எதுவும் இல்லை, நாத்தனார் தொல்லை தாங்காமல் போன வாரம் முதல் தடவையாக மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தேன். "பைராட்ஸ் 0, டென்சிட்டி சி, வலது அக்குள் ஓரம் சின்ன வெள்ளைப் புள்ளிகள், கூடுதல் படம் தேவை" என்று ரிப்போர்ட். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்து வீட்டுக்காரர் காசிமேடு போய் வஞ்சிரம் வாங்கி வந்துவிட்டார்! பக்கத்து வீட்டு நர்சிங் பெண் படித்துப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். அடிக்கிற வெயிலுக்குக் கழுத்து, அக்குள் எல்லாம் பவுடர் கொட்டிக்கொண்டுதான் போனேன். அங்கே யாரும் கேட்கவில்லை. அதனால் இருக்குமா? ராத்திரி தூக்கமே இல்லை.

பதில் 1 (ராயபுரம், ரிட்டயர்ட் எக்ஸ்ரே டெக்னீஷியன்)

அம்மா, பைராட்ஸ் என்பது மார்பகப் படத்தின் முடிவுக்குப் போடும் எண். 0 என்றால் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. ரிசல்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பவுடர் தோல் மடிப்பில் தங்கினால் படத்தில், மார்புக்குள் படியும் சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே விழும். அலுமினியம் கலந்த டியோடரன்ட்டும் அப்படித்தான். வருகிறவர்களிடம் துடைத்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் நான் மார்பை அழுத்தும் தட்டை இறக்குவேன்.

டென்சிட்டி சி என்றால் மார்பில் சுரப்பித் திசு அதிகம் என்று அர்த்தம், உங்கள் வயதில் சகஜம். கொழுப்பு படத்தில் கறுப்பாகத் தெரியும். சுரப்பித் திசு வெள்ளை, கட்டியும் வெள்ளை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைத் தேடிப் பாருங்கள், புரியும். அதனால்தான் கூடவே அல்ட்ராசவுண்ட் கேட்பார்கள். வலிக்கிறது என்று அழுத்தும்போது அசைந்தாலும் படம் மங்கிவிடும். மாதவிலக்கு முடிந்த வாரம் போனால் வலி குறைவு. முதல் தடவை என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படமும் இல்லை. அமெரிக்கக் கணக்கில் 1000 பேர் எடுத்தால் சுமார் 100 பேரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், புற்றுநோய் என்று முடிவது 5 பேருக்குப் பக்கம்.

பதில் 2 (திருவொற்றியூர்)

அக்கா, பவுடர்தான் என்று நீங்களே முடிவு பண்ணி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். எங்கள் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது, மேமோகிராம் சுத்தம் என்று வந்தது. அந்தத் தாளை நம்பி நாலு மாதம் சும்மா இருந்தார். அப்புறம் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தபோதுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. கட்டி இருந்தால் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் டாக்டரை விடக்கூடாது.

கேள்வி கேட்டவர், 9 நாள் கழித்து

குளித்துவிட்டுப் பவுடர் இல்லாமல் போனேன். அக்குள் புள்ளிகளைக் காணோம்! ஆனால் அல்ட்ராசவுண்டில் இடது பக்கம் ஒரு தண்ணீர்க் கட்டி. சாதாரணம்தான், பைராட்ஸ் 2 என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணே, பழைய படம் இல்லை என்று நீங்கள் சொன்னதால், அடுத்த முறை ஒப்பிட இந்தப் படங்களின் சிடியைக் கேட்டு வாங்கி, பட்டன் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். நாத்தனாரிடம் சொன்னால், "நானும் பவுடர் போட்டுக்கொண்டுதானேடி போனேன்" என்கிறாள்.