செம்பியன் மாதேவிக்குக் கொலை முன்பே தெரியுமா? ஒரு நாவல் அத்தியாயம் பற்றி

செந்தூல் வாசகன்:
வணக்கம். செம்பியன் மாதேவியை வைத்து ஒரு சரித்திர நாவல் எழுதி வருகிறேன். கண்டராதித்த சோழரின் தேவி, உத்தம சோழனின் தாய். போன ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் நண்பர்களிடம் ஓர் அத்தியாயம் வாசித்தேன்; கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சுந்தர சோழரின் மூத்த மகனும் பட்டத்து இளவரசனுமான ஆதித்த கரிகாலனைக் கொல்லப் போகிறார்கள் என்பது மாதேவிக்கு முன்பே தெரியவருகிறது. மகனுக்கு அரியணை கிடைக்குமே என்று வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார். இப்படி எழுதலாமா?

பினாங்கு டீச்சர்:
கூடாது தம்பி. உடையார்குடிக் கல்வெட்டு துரோகிகளின் பெயரைச் சொல்கிறது: சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன். அதில் உத்தம சோழன் பெயரே இல்லை. அப்புறம் தாயை எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள்?

செந்தூல் வாசகன்:
டீச்சர், அந்தக் கல்வெட்டு ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கொலை நடந்தது ஏறக்குறைய 969இல். ராஜராஜன் பட்டமேறியது 985இல். நடுவில் உத்தமன் ஆண்ட காலத்தில் கொலைகாரர்கள் மீது நடவடிக்கை எடுத்ததாக ஒரு வரி கிடையாது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரே உத்தமனைச் சந்தேகித்தார். நான் ஒன்றும் ஆகாயத்திலிருந்து பிடிக்கவில்லை.

பினாங்கு டீச்சர்:
அது துரோகிகளின் சொந்தக்காரர்களிடமிருந்து எடுத்த நிலத்தைப் பற்றிய கல்வெட்டு. கொலை செய்தவர்கள் எப்போது தண்டிக்கப்பட்டார்கள் என்று அதில் இல்லை. நிலம் பின்னால் கைமாறியிருக்கலாம், தண்டனை முன்னாலேயே முடிந்திருக்கலாம். இன்னொன்று பாருங்கள். நாகப்பட்டினம் பக்கம் செம்பியன் மாதேவியின் பெயரிலேயே உள்ள ஊரின் கைலாசநாதர் கோயிலில், ராஜராஜன் மகன் ராஜேந்திரன் காலத்தில் அவருக்குப் படிமம் எடுத்து வழிபட்டிருக்கிறார்கள். ஆதித்த கரிகாலன் ராஜேந்திரனுக்குப் பெரியப்பா. பெரியப்பாவின் கொலையை மறைத்தவர் என்று அந்தக் குடும்பம் சந்தேகப்பட்டிருந்தால் படிமம் எடுக்குமா?

பங்சார் கதைசொல்லி:
டீச்சர், நீங்கள் சொன்ன படிமம்தான் எனக்குப் பிரச்சினை. கோயில் கட்டினார், விளக்கேற்றினார், சிவனடி சேர்ந்தார். அவருக்கு நாம் கொடுத்திருக்கும் வாழ்க்கை இவ்வளவுதான். கணவர் ஆட்சியிலிருந்து ராஜராஜன் ஆட்சி வரை அரண்மனையில் இருந்தவர். செங்கல் கோயில்களைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, மாற்ற எத்தனை ஊர்ச்சபை, எத்தனை அதிகாரிகள், எவ்வளவு பொன்! அத்தனையையும் நடத்தியவருக்கு அரசியல் தெரியாது என்றால் நம்ப முடியவில்லை.

சுந்தர சோழர் இறந்தபோது அவர் தேவி வானவன் மாதேவி கைக்குழந்தையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறியதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு பாடுகிறது. செம்பியன் மாதேவியும் கணவரை இழந்தவர், அவர் பிள்ளையும் சின்னவன். ஆனால் அவர் தீயில் இறங்கவில்லை. எரியாமல் இருக்க அவர் யாரிடம் என்ன பேசினார்? பிள்ளையைக் காட்டி வாதாடினாரா? வெறுமனே ‘மாட்டேன்’ என்றாரா? அண்ணா, கொலையை விடுங்கள், இதை முதலில் எழுதுங்கள்.

பினாங்கு டீச்சர்:
இதை நான் முழு மனதாக ஏற்கிறேன். அரசியல் தெரிந்தவராக எழுதுங்கள், கோபக்காரியாக எழுதுங்கள். கொலைக்கு உடந்தையாக மட்டும் வேண்டாம்.

என் பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தாத்தா இறந்தபோது என் அம்மாவுக்கு நாலு வயது. விடியுமுன் எழுந்து, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு துடைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் அவரைப் பற்றி யாரோ ஒரு கதை கட்டினார்கள். பாட்டி போய் இருபது வருஷமாகிறது, அந்தக் கதை இன்னும் போகவில்லை. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் என் காதிலேயே விழுந்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நாவலைப் படிக்கிற பிள்ளைகள் கல்வெட்டைத் தேடிப் போக மாட்டார்கள். நீங்கள் எழுதுவதுதான் அவர்களுக்கு வரலாறு.

செந்தூல் வாசகன்:
டீச்சர், உங்கள் பதிவை எல்ஆர்டி ரயிலில் வரும்போது இரண்டு முறை படித்தேன். அத்தியாயத்தை மாற்றுகிறேன். ஆனால் முழுசாக விட்டுவிட மனமில்லை. கொலைச் செய்தி எல்லோருக்கும் வந்த பிறகுதான் மாதேவிக்கும் வருகிறது. மகன் பட்டம் கட்டப்போகும் முதல்நாள் இரவு அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “உனக்குத் தெரியுமா?” அவன் பதில் சொல்வதில்லை. அதற்குமேல் அவரும் கேட்பதில்லை.

அடுத்த அத்தியாயம் திருக்கோடிகாவல். பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளி எடுத்தபோது, அங்கே கிடந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டவைத்தார் அல்லவா? கல்தச்சன் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறார். அவ்வளவுதான், வசனமே இல்லை.

பினாங்கு டீச்சர்:
அந்த மௌனமே மகன்மேல் பழி போடுகிறது. அதற்கும் ஆதாரம் இல்லை, நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எந்தத் தாயும் கேட்கக்கூடிய கேள்விதான். கேட்கட்டும். திருக்கோடிகாவல் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், கல்வெட்டுச் செய்திகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.

பங்சார் கதைசொல்லி:
அண்ணா, பழைய அத்தியாயத்தை அழித்துவிடாதீர்கள். எனக்கு அதையும் படிக்க வேண்டும்.