சுவரில் வெளியே தெரியும்படி போகும் கேபிளுக்குக் குழாய் தேவையா?

வணக்கம். வயரிங் அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

வாஷிங் மெஷினுக்காகப் பின்கட்டு அறையில் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் போட்டோம். மேலிருந்து சுவரோடு இறங்கும் கேபிளை வெறும் கிளிப் மட்டும் அடித்து விட்டிருக்கிறார்கள். உள்ளே மூன்று வயர், அதன் மேல் இன்னொரு பிவிசி உறை. "உறை போட்ட கேபிள்தானே, இதுவே போதும்" என்கிறார் எலக்ட்ரீஷியன். உறையில்லாத ஒற்றை வயர் என்றால் கட்டாயம் குழாய்க்குள்தான் போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இது அப்படியில்லை, சரி.

ஆனால் அந்த இடம்தான் பயமாக இருக்கிறது. ஏணி, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அந்தச் சுவரில்தான் சாய்த்து வைப்போம். எலி வேறு வரும். மேல் உறை கிழிந்தால் கண்ணில் படும்; அழுந்தி உள்ளே வயரின் காப்பு (இன்சுலேஷன்) நசுங்கினால் எப்படித் தெரியும்? 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது. அதை நம்பி விட்டுவிட மனம் வரவில்லை.

தரையிலிருந்து ஐந்தடி வரை மட்டும் கனமான பிவிசி குழாய் போட்டால் போதுமா? எலிக்கு இரும்புக் குழாய்தான் சரி என்றால் அதற்கும் எர்த் கொடுக்க வேண்டும், அல்லவா? குழாய்க்குள் கேபிள் சூடாகும் என்பதால் தடிமனையும் கூட்ட வேண்டுமா? இப்போது இருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் போனால் தானாக விழும் சுவிட்ச்).

அப்புறம், ஜன்னலுக்கு வெளியே இரண்டடி வெயிலில் கிடக்கிறது. வெயிலில் பிவிசி விரிசல் விட்டுப்போகும் என்பதால் அதையாவது உடனே மூடிவிடலாம் என்றிருக்கிறேன். எதைக் கொண்டு மூடுவது?