தொடை எலும்பு முறியும் முன்பே கம்பி வைத்துக்கொண்டவர்களின் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று ஆறு ஆண்டுகள் நலமாக இருந்த என் அம்மாவுக்கு (வயது 61), இடது தொடை எலும்பின் மேற்பகுதியில், இடுப்பு மூட்டுக்குச் சற்றுக் கீழே, நோய் பரவியிருப்பது இப்போது தெரியவந்துள்ளது. படுத்திருக்கும்போது வலி அதிகமில்லை. கட்டிலிலிருந்து இறங்கி அந்தக் காலை ஊன்றியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறார்.

பரவிய இடம், வலி, எலும்பு அரிக்கப்பட்டுள்ள விதம், அரிப்பின் அளவு ஆகிய நான்குக்கும் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண் தரும் மிரெல்ஸ் முறையில், 9 அல்லது அதற்கு மேல் வந்தால் எலும்பு முறியும் முன்பே அறுவை சிகிச்சை செய்வது நல்லது என்று மருத்துவர் விளக்கினார். அம்மாவுக்கு 11. எலும்பின் உட்குழலில் நீளமான டைட்டானியம் கம்பியைச் செலுத்தி, மேலும் கீழும் திருகாணிகளால் இறுக்கி, காயம் ஆறியபின் கதிர்வீச்சு கொடுப்பது திட்டம். முறிந்த பிறகு செய்வதைவிட இதில் ரத்த இழப்பு குறைவு, விரைவில் நடக்கவும் முடியும் என்பதால் எனக்குச் சம்மதமே. ஆனால், "உடையாத எலும்பை எதற்கு அம்மா துளைக்க வேண்டும்?" என்று அவர் என் கையைப் பிடித்துக் கேட்கும்போது எனக்குப் பேச்சு வருவதில்லை.

இதே அறுவை சிகிச்சையைக் கடந்து வந்தவர்கள், எத்தனையாவது நாளில் வாக்கருடன் நடந்தீர்கள், காலை ஊன்றும்போது இருந்த வலி எப்போது குறைந்தது, கதிர்வீச்சு எப்போது தொடங்கியது என்று தயவுசெய்து எழுதுங்கள். அறுவை சிகிச்சைக்கு இன்னும் ஒன்பது நாட்கள் உள்ளன. அதுவரை கழிவறையில் அவர் விழுந்துவிடாமல் இருக்க நீங்கள் செய்த ஏற்பாடுகளையும் சொல்லுங்கள்.