புதுப்பிப்பு: லிப்ரவுல்ஃபில் நேரம் 5:30 மணி பின்னால் காட்டிய பிரச்சினை தீர்ந்தது

என் கேள்விக்குப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிரச்சினை இதுதான்: செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுக் கடைக் கணினியை லிப்ரவுல்ஃபுக்கு (ஃபயர்பாக்ஸை அடிப்படையாகக் கொண்ட, தனியுரிமை காக்கும் உலாவி) மாற்றியதும், மதியம் 2 மணிக்கு வந்த ஆர்டர் காலை 8:30 என்று காட்டியது. கணினிக் கடிகாரமோ சரியாக இருந்தது.

காரணம், ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரிண்டிங். அடையாளத்தை மறைக்கும் டோர் உலாவியிலிருந்து ஃபயர்பாக்ஸுக்கு வந்த வசதி. கணினி விவரங்களை வைத்துத் தளங்கள் நம்மை அடையாளம் காணாமலிருக்க, எல்லாத் தளங்களுக்கும் யுடிசி நேரத்தையே (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு 5:30 மணி பின்னால்) சொல்லும். லிப்ரவுல்ஃபில் இது முதலிலிருந்தே இயங்கும்.

அதை அடியோடு அணைக்கச் சொன்னார்கள் சிலர். எனக்கு மனசு வரவில்லை, அப்புறம் லிப்ரவுல்ஃப் எதற்கு? வேலை செய்தது இரண்டாவது பதிலில் ஒரு அண்ணன் சொன்ன வழி: கான்ஃபிக் பக்கத்தில் (முகவரிப் பட்டையில் about:config என்று அடித்தால் வரும் அமைப்புகள் பக்கம்) ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரிண்டிங்கை நிறுத்தி, அதற்குப் பதில் அதே பாதுகாப்புகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க விடும் ஃபிங்கர்பிரிண்டிங் புரொடக்‌ஷனை இயக்கி, அதன் ஓவர்ரைட்ஸில் (overrides, எது வேண்டும் எது வேண்டாம் என்று எழுதும் இடம்) எல்லா டார்கெட்டையும், அதாவது எல்லாப் பாதுகாப்புகளையும் சேர்த்து, நேரத்தை மாற்றும் ஜேஎஸ் டேட்டைம் யுடிசியை மட்டும் கழிக்க வேண்டும். உலாவியை மூடித் திறந்ததும் நேரம் சரி.

எதிர்பாராத ஒன்று: டிசைன் தளத்தில் ஏற்றிய கொலுசுப் படம் வெறும் வண்ணக் கோடுகளாகப் போனது. இதுவும் அதே குடும்பம்தான், கேன்வாஸ் தடுப்பு: உலாவி வரையும் படத்தைத் தளம் படித்து நம்மை அடையாளம் காணாமல் தடுப்பது. முகவரிப் பட்டையில் வரும் சிறிய பட ஐகானை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன், படம் ஒழுங்காக ஏறுகிறது.