மூன்று பேரா, கேரட் மூட்டையா?

அருவங்காட்டான்:
கேத்தி கண்ணன் நேற்று இங்கே போட்டதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பள்ளிக் கண்காட்சிக்கு அட்டை எழுதியிருக்கிறாராம்: "2004-ல் ஸ்பேஸ்ஷிப்ஒன் என்ற தனியார் விண்கலம் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, இரண்டு வாரத்துக்குள் இரண்டு முறை விண்வெளிக்குப் போய் 1 கோடி டாலர் அன்சாரி எக்ஸ் பரிசை வென்றது." மூன்று பேர் எங்கே போனார்கள் ஐயா? செப்டம்பர் 29-ல் போனவர் மைக் மெல்வில், தனியாக. அக்டோபர் 4-ல் பிரையன் பின்னி, அவரும் தனியாக. மற்ற இரண்டு பேருக்கு ஈடாக வெறும் எடை. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் சீட்டு மேல் ரெண்டு கேரட் மூட்டையைப் போட்டால் கண்டக்டர் லக்கேஜ் போடுவாரா, ஆள் டிக்கெட் கிழிப்பாரா?

கேத்தி கண்ணன்:
சார், விதியைப் படித்துவிட்டு வாருங்கள். 188 செ.மீ. உயரம், 90 கிலோ எடை உள்ள மூன்று பெரியவர்கள் உட்கார இடம் வேண்டும். ஒருவராவது உள்ளே இருக்க வேண்டும். மீதிப் பேருக்கு ஈடான எடை போதும். 100 கி.மீ. தொட்டுவிட்டு, அதே கலம் 14 நாளுக்குள் மறுபடி போக வேண்டும். எல்லாம் விதிப்படி நடந்தது. 7 நாடுகளிலிருந்து 26 அணிகள் முட்டி மோதிய போட்டி இது. உங்கள் கண்ணில் கேரட்தான் படுகிறது.

அருவங்காட்டான்:
விதி என்ன சொல்கிறது என்று யார் கேட்டது? எத்தனை பேர் போனார்கள்? ஒன்றா, மூன்றா?

லவ்டேல் டீச்சர்:
"மூன்று பேர் போகக்கூடிய விண்கலம்" என்று ஒரு சொல்லை மாற்றினால் முடிந்தது. இதற்குப் போய் இவ்வளவு சண்டையா?

கேத்தி கண்ணன்:
ஏன் டீச்சர் மாற்ற வேண்டும்? அட்டைக்கு லேமினேஷனும் போட்டாச்சு. அப்புறம், அது வெறும் எடையும் இல்லை. அந்தக் கலத்தை உருவாக்கிய ஊழியர்களின் சொந்தப் பொருள்கள் போயின. வடிவமைத்த பர்ட் ருட்டானின் தாயாரின் அஸ்தியும் போனது. அதைப் போய் மூட்டை என்கிறாரே, வயதில் பெரியவர்.

அருவங்காட்டான்:
அஸ்திக்கு நான் மரியாதை கொடுக்கிறேன் தம்பி. அஸ்தியைப் பயணியாக எண்ணுவது நீங்கள்தான்.

குந்தா குமார்:
அஸ்திக்கு அரை டிக்கெட் போடலாமா அண்ணே? 😂

கொடைக் குறிஞ்சி:
ஆள் கணக்கை விடுங்கள், உயரத்தைப் பாருங்கள். 2004 ஜூன் 21-ல் மெல்வில் முதல் முறை போனபோது தொட்டது 100.124 கி.மீ. விண்வெளி தொடங்குவதாகச் சொல்லும் 100 கி.மீ. கோட்டுக்கு மேலே வெறும் 124 மீட்டர். அமெரிக்கர்கள் 80 கி.மீ. தாண்டினாலே விண்வெளி வீரர் என்று பட்டம் கொடுத்துவிடுகிறார்கள். 2021 ஜூலையில் வர்ஜின் கேலக்டிக் முதலாளி பிரான்சன் 86 கி.மீ. வரை போனார், கூடவே நம் ஊர்ப் பெண் சிரிஷா பண்ட்லா. ஒன்பது நாள் கழித்து அமேசான் பெசோஸ் 107 கி.மீ. போய், அந்த 100 கி.மீ. கோட்டையும் தாண்டினார். கோடு எங்கே என்பதே தீராத சண்டை.

லவ்டேல் டீச்சர்:
சிரிஷா பிறந்தது ஆந்திராவில். வளர்ந்தது அமெரிக்காவில். "நம் ஊர்ப் பெண்" என்று எல்லாரையும் இழுக்காதீர்கள்.

கொடைக் குறிஞ்சி:
ஆந்திரா வேற்று நாடா டீச்சர்?

அருவங்காட்டான்:
கோடு எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். கோட்டைத் தாண்டியது எத்தனை பேர்?

நானும் வானத்தை அண்ணாந்து பார்க்காதவன் இல்லை. அப்பா கார்டைட் ஃபேக்டரியில் உந்துமருந்துப் பிரிவில் வேலை பார்த்தவர். சட்டைப் பையில் தீப்பெட்டி வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்ட முடியாது. வீட்டுக்கு வந்தாலும் அடுப்படிப் பக்கம் தீக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பார். அப்படி வளர்ந்தவனுக்குத்தான் தெரியும், எரிகிற மருந்துக்கு மேல் ஒரு மனிதன் உட்காருவது என்றால் என்ன என்று. மெல்வில்லுக்கு அப்போது 63 வயது. இரண்டாவது தடவை போகும்போது கலம் பம்பரமாகச் சுழல ஆரம்பித்தது, தரையிலிருந்து எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். 100 கி.மீ. தாண்டிவிடும் என்று தெரியும்வரை மனுஷன் நிறுத்தவில்லை, 102.9 கி.மீ. போய்விட்டுத்தான் இறங்கினார். அந்த 63 வயதுக்காரர் தனியாகச் செய்ததை மூன்று பேர் சேர்ந்து செய்ததாக எழுதினால் எனக்கு வலிக்காதா?

கேத்தி கண்ணன்:
அவரை யார் குறைத்துப் பேசினார்கள்? இவ்வளவு உருகுகிறவர், போன மாதம் இதே இடத்தில் "ரப்பரும் சிரிப்பு வாயுவும் எரித்து ஓடுகிற ராக்கெட் ஒரு ராக்கெட்டா" என்று கேட்டது நினைவில் இல்லையா? மெல்வில் போனது அந்த ரப்பரில்தான்.

அருவங்காட்டான்:
எஞ்சினைச் சொன்னேன், ஆளைச் சொல்லவில்லை. படித்ததைப் புரிந்துகொள்ளுங்கள்.

குந்தா குமார்:
எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கலத்துக்கு மைக்ரோசாஃப்ட் பால் ஆலன் போட்ட பணம் சுமார் 2.5 கோடி டாலர். பரிசு 1 கோடி. இதில் ஜெயித்தது யார்?

கேத்தி கண்ணன்:
பரிசுப் பணமே காப்பீட்டுக்காரர்களிடமிருந்துதான் குமார். 2004 முடிவதற்குள் யாராலும் முடியாது என்று நம்பி பிரீமியத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். பின்னி 112 கி.மீ. போய், அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானம் 1963-ல் வைத்த 107.96 கி.மீ. சாதனையையும் முறியடித்துவிட்டு இறங்கினார். காப்பீட்டுக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் போய் "உள்ளே ஒருத்தர்தானே" என்று வழக்குப் போட்டார்களா? இல்லை. பணம் கொடுத்தவனே கேட்காத கேள்வியை அருவங்காட்டிலிருந்து ஒருவர் கேட்கிறார்.

அருவங்காட்டான்:
பணம் கொடுத்தவன் விதியைப் பார்த்துக் கொடுத்தான். அட்டையைப் படிக்கப் போகிற பிள்ளைக்கு விதி தெரியாது. "மூன்று பேரை ஏற்றிக்கொண்டு" என்று படித்தால் மூன்று தலை என்றுதான் நினைக்கும். ஒன்றா, மூன்றா? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

லவ்டேல் டீச்சர்:
நிஜமான அமெச்சூர்களைப் பற்றி யாராவது பேசலாமே. டென்மார்க்கில் கோபன்ஹேகன் சபார்பிட்டல்ஸ் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், பொதுமக்கள் கொடுக்கும் நன்கொடை. 2010-ல் முதல் முயற்சி நடக்கவே இல்லை. திரவ ஆக்சிஜன் வால்வு உறைந்துவிடாமல் இருக்கத் தலைமுடி உலர்த்தும் கருவியை வைத்திருந்தார்கள், அதன் பேட்டரி தீர்ந்துவிட்டது. 2011-ல் கடலிலிருந்து ஏவியே விட்டார்கள், சுமார் 2.8 கி.மீ. போனது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், கோடீஸ்வரன் கதையை விட உறைக்கும்.

குந்தா குமார்:
அதில் எத்தனை பேர் போனார்கள் டீச்சர்?

லவ்டேல் டீச்சர்:
யாரும் இல்லை. ஒரு பொம்மையை வைத்து அனுப்பினார்கள்.

அருவங்காட்டான்:
பொம்மை என்று ஒளிக்காமல் சொன்னார்கள் பாருங்கள். அந்த நேர்மை கேத்திக்கு ஏன் வரவில்லை?

கேத்தி கண்ணன்:
நேர்மையைப் பற்றி நீங்கள் பேசக்கூடாது சார். வால்நட்சத்திரம் பார்க்கத் தொட்டபெட்டா போன ராத்திரி, எல்லார் கண்ணும் இருட்டுக்குப் பழகிய நேரத்தில் டார்ச் அடித்துவிட்டு, நான் இல்லை என்று சொன்னது யார்?

அருவங்காட்டான்:
அது கார் ஹெட்லைட். ஆயிரம் தடவை சொல்லியாச்சு.

கொடைக் குறிஞ்சி:
வானம் பார்க்க எதற்குத் தொட்டபெட்டா? எப்போது பார்த்தாலும் மூடுபனி. இங்கே கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-லிருந்து வேலை செய்கிறது. சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-ல் எவர்ஷெட் கண்டுபிடித்ததே இங்கேதான்.

குந்தா குமார்:
வந்துட்டாங்கய்யா பழனி மலை.

அருவங்காட்டான்:
இங்கே ஊட்டிப் பக்கம் முத்தொரையில் 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது, 1970-லிருந்து. மலைச் சரிவே நிலநடுக்கோட்டின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருப்பதால், அதன் மேலேயே பூமியின் அச்சுக்கு இணையாகக் கட்டிவிட்டார்கள். அதற்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை.

கேத்தி கண்ணன்:
நிலநடுக்கோட்டின் அட்சரேகை பூஜ்யம் சார்! முத்தொரையின் அட்சரேகை, சுமார் 11 டிகிரி. எண்ணிக்கையில் மற்றவர்களைப் பிடிக்கிறவர் இதைப் பார்க்கக் கூடாதா?

அருவங்காட்டான்:
எழுதும்போது கை தவறியது. எல்லாருக்கும் புரிந்தது. உங்கள் அட்டை கை தவறி எழுதியதா? லேமினேஷன் போட்டது.

லவ்டேல் டீச்சர்:
கண்காட்சிக்கு மேசை எத்தனை வேண்டும் என்று பள்ளியில் கேட்கிறார்கள். அதை யாராவது சொல்கிறீர்களா?

கொடைக் குறிஞ்சி:
எங்களுக்கு ஒரு மேசை தனியாக வேண்டும். ஊட்டிக்காரர்களுடன் பங்கு போட மாட்டோம்.

கேத்தி கண்ணன்:
போன தடவை தனி மேசை வாங்கி அதில் டிபன் பாக்ஸ் அடுக்கினவர்கள்தானே?