எங்கள் ஊர் வெப்பக் கூட்டுறவில் பங்கு வாங்கலாமா? (ஜெர்மனி, கிராமம்)

மலர், கோட்டிங்கன் பக்கம்

வணக்கம். இரண்டு பிள்ளைகளோடு ஒரு சின்ன ஊரில் பழைய வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். வீட்டில் இருப்பது எண்ணெய்க் கொதிகலன், அதன் ஆயுள் முடியப்போகிறது. இப்போது ஊர்க்காரர்கள் சிலர் கூட்டுறவுச் சங்கம் தொடங்குகிறார்கள். ஓர் இடத்தில் மரச்சில்லு எரித்து, வெந்நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியாக வீடு வீடாகக் கொண்டுவருவதுதான் திட்டம். பங்கு வாங்கிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் கிராம வளர்ச்சிப் பணம், லீடர் என்ற திட்டத்தில், எப்படியும் வந்துவிடும் என்றும் சொல்கிறார்கள்.

2005-லேயே இதைச் செய்த யூண்டே கிராமம் இங்கிருந்து தூரமில்லை. என் கணவருக்கு அந்த ஊரைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிட்டது. எனக்குத்தான் பயம். மானியம் வராவிட்டால்? சங்கம் நொடித்தால் எங்கள் வீடு போகுமா? நாளை வேலை மாறி வேறு ஊர் போனால் போட்ட பணம் என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தில், வியன்னா

அவசரப்படாதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஆஸ்திரியாவில் ஹங்கேரி எல்லையோரம் கூஸிங் என்று ஓர் ஊர். மிகவும் பின்தங்கிக் கிடந்தது. 1990-களில் நிலக்கரி, எண்ணெய் வேண்டாம், நம் காட்டு மரமே போதும் என்று முடிவெடுத்து எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி வளர்ந்தார்கள். ஆனால் 2001-ல் பெரிய பெயரோடு தொடங்கிய, மரத்தை வாயுவாக்கி ஓட்டும் மின் நிலையம் பிற்பாடு மூடப்பட்டது. மானியம் கைக்கு வரட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

கணக்கர், பிராண்டன்பர்க்

செந்தில் சொன்ன கூஸிங் கதை உண்மைதான். ஆனால் மூடப்பட்டது புதுத் தொழில்நுட்ப மின் நிலையம். மலர் ஊரில் பேசுவது சாதாரண மரச்சில்லுக் கொதிகலனும் குழாயும். இரண்டுக்கும் உள்ள ஆபத்து ஒன்றல்ல.

நான் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். எங்கள் வட்டார லீடர் குழுவில் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்திலும் உட்காருகிறேன். அந்த மேசையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

லீடர் 1991-ல் தொடங்கியது. பிரஸ்ஸல்ஸில் யாரோ உட்கார்ந்து உங்கள் ஊருக்கு எது தேவை என்று முடிவு செய்வதில்லை. ஊராட்சி, தொழில் செய்கிறவர்கள், சங்கங்கள், பொதுமக்கள் எல்லோரும் சேர்ந்த வட்டாரக் குழுதான் தேர்ந்தெடுக்கிறது. எந்த ஒரு தரப்பும் முடிவைத் தன் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. மேயர் சொன்னார் என்பதற்காக மட்டும் ஒரு திட்டம் நிறைவேறிவிடாது. எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்ததே இதுதான்.

ஆனால் பணம் வரும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் நீங்கள் செலவு செய்து, பில்லைக் கட்டி, ரசீதைக் காட்டினால்தான் மானியம் வரும். அதுவரை சங்கம் பேங்கில் கடன் வாங்கித்தான் ஓட்ட வேண்டும். இன்னொன்று: ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன்பு கொதிகலனுக்கோ குழாய்க்கோ ஆர்டர் கொடுத்துவிட்டால், பொதுவாக அந்தச் செலவுக்கு மானியமே கிடையாது. நல்ல நல்ல திட்டங்கள் இந்த ஓர் இடத்தில் விழுந்திருக்கின்றன. கூட்டத்தில் முதலில் இதைக் கேளுங்கள்.

லீடர் பணப்பெட்டியும் சின்னது. ஒவ்வொரு நாடும் தனக்கு வரும் ஐரோப்பிய ஊரக வளர்ச்சி நிதியில் குறைந்தது 5 சதவீதத்தை அதற்கு ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். ஊர்க் கடை, கூடும் மண்டபம், ஆரம்ப ஆய்வு மாதிரியான வேலைகளுக்கு அது அருமையான பணம். கிலோமீட்டர் கணக்கில் குழாய் புதைக்க அது காணாது. அதற்கு 2022 செப்டம்பரில் வந்த ஜெர்மன் மத்திய அரசின் வெப்ப வலை மானியம் இருக்கிறது. 16 கட்டடங்களுக்கு மேல் இணைந்தால் அதில் கேட்கலாம். சாத்தியக்கூறு ஆய்வுக்குப் பாதிச் செலவு, கட்டுமானத்துக்கு 40 சதவீதம் வரை என்ற கணக்கில் அது தொடங்கியது. இன்றைய விதியைச் சங்கம் சரிபார்த்துக்கொள்ளட்டும். ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்ட முடியாது.

மானியம் வந்த பிறகு கையெழுத்து என்று எல்லோரும் காத்திருந்தால் திட்டமே நகராது. இத்தனை வீடு உறுதி என்று காட்டினால்தான் குழாயின் நீளம் தெரியும், விலை தெரியும், பேங்க் கடன் தரும். யூண்டேயில் கிட்டத்தட்ட 70 சதவீத வீடுகள் சேர்ந்தன. அதனால்தான் அந்தத் திட்டம் நிறைவேறியது. உங்கள் ஊரில் எத்தனை வீடு சேர்ந்திருக்கிறது, ஒரு மீட்டர் குழாய்க்கு எவ்வளவு வெப்பம் விற்கும் என்று கேளுங்கள். மானியத்தைவிட எனக்கு இந்த இரண்டு எண்கள்தான் முக்கியம்.

எங்கள் மாநிலத்திலேயே ஃபெல்டைம் இருக்கிறது. சுமார் 130 பேர் வாழும் ஊர். 1995-ல் முதல் காற்றாலைகள் வந்தன. பிறகு விவசாயக் கூட்டுறவு பயோகேஸ் நிலையம் போட்டது. பன்றி, மாட்டுக் கழிவும் மக்காச்சோளமும்தான் அதற்குத் தீனி. கடும் குளிருக்கு மட்டும் மரச்சில்லுக் கொதிகலன். ஏற்கெனவே இருந்த மின்கம்பிகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சரி, நாமே போடுவோம் என்று 2010-க்குள் சொந்த மின்வலையும் வெப்பக் குழாயும் போட்டுவிட்டார்கள். ஐரோப்பிய மானியமும் வந்தது, கடனும் வாங்கினார்கள். ஆனால் இணைந்தவர்கள் ஆளுக்கு 3,000 யூரோ சொந்தப் பணம் போட்டிருக்கிறார்கள். காற்றாலையைக் கண்டாலே கொடி பிடிக்கிற ஊர்கள் நிறைய உண்டு. இங்கே அது ஊர்ச்சொத்தாகத் தெரிவதற்கு அந்தப் பங்குதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தயாளினி, ஓர்ஹூஸ்

டென்மார்க்கிலிருந்து இதையே நானும் சொல்லுவேன். எங்களுக்கு எதிரே கடலில் இருக்கும் சாம்சோத் தீவு 1997-இல் அரசு வைத்த போட்டியில் வென்றுதான் இந்தப் பாதைக்கு வந்தது. தரையில் 11 காற்றாலை, கடலில் 10. விவசாயிகள் சிலவற்றை வாங்கினார்கள், சிலவற்றில் சாதாரணச் சனங்கள் சின்னச் சின்னப் பங்கு எடுத்தார்கள், நகரசபையும் போட்டது. வீட்டுக்கு வெப்பம் வைக்கோல் எரித்து வருகுது. பங்கு உள்ளவர்களுக்கு அந்தச் சுழலி சத்தமாகத் தெரியாது.

மலர், கோட்டிங்கன் பக்கம்

மிக்க நன்றி, எல்லோருக்கும். கணக்கர் அண்ணா, இதுவரை 41 வீடு கையெழுத்துப் போட்டிருக்கிறதாம். மீட்டர் கணக்கை அடுத்த கூட்டத்தில் கேட்கிறேன். வீடு போகுமா, ஊரை விட்டுப் போனால் என்ன ஆகும் என்ற என் பயத்துக்கும் ஒரு பதில் சொல்லுங்களேன்.

கணக்கர், பிராண்டன்பர்க்

மலர், சங்க விதிகளின் நகலை வாங்கி மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, சங்கம் நொடித்தால் உறுப்பினர் மேற்கொண்டு பணம் கட்ட வேண்டுமா என்ற பிரிவு. "கட்ட வேண்டியதில்லை" என்று தெளிவாக எழுதியிருந்தால் நீங்கள் இழக்கக்கூடியது பங்குத்தொகை மட்டும், வீடு போகாது. அப்படி எழுதவில்லை என்றால் எழுதச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. இரண்டு, விலகுவதற்கான அறிவிப்புக் காலம். சட்டப்படி அதை ஐந்து ஆண்டு வரை கூட வைக்கலாம். அது முடிந்துதான் பங்குப் பணம் திரும்பும். உங்களைப் போல வேலை மாறக்கூடியவர்களுக்கு ஐந்து ஆண்டு அதிகம். வீட்டை விற்கும்போது வாங்குகிறவர் பெயருக்குப் பங்கை மாற்ற வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று, வெப்ப விலை எதைப் பொறுத்து ஏறும் என்பது. அது பங்கோடு சேராத தனி ஒப்பந்தத்தில் இருக்கும். மரச்சில்லு விலையை மட்டும் நம்பியிருந்தால் யாரிடம், எத்தனை ஆண்டுக்கு வாங்கப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

நீங்கள் புதிதாக வந்தவர் என்று தயங்க வேண்டாம். இந்த மாதிரிச் சங்கத்தில் பொதுவாக ஆளுக்கு ஒரு ஓட்டு, பத்துப் பங்கு வைத்திருக்கும் பண்ணைக்காரருக்கும் அதே ஒன்றுதான். கணவரும் நீங்களும் தனித்தனியாகச் சேர்ந்தால் இரண்டு ஓட்டு. விதிகளின் நகல் கிடைத்ததும் அந்த மூன்று பிரிவுகளை இங்கே போடுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.