தப்பான எண் போட்டால் உள்ளீட்டுக் கட்டமே மறைந்துவிடுகிறது, அவசரம்

முகில்_ஆர்பிஜி: வாடிக்கையாளர் எண் கேட்கும் ஸ்கிரீன். சரியான எண் போட்டால் ஒழுங்காக இருக்கிறது. தப்பான எண் போட்டு என்டர் தட்டினால் கட்டத்தையே காணோம். கர்சர் மட்டும் அங்கே மின்னுகிறது. நேற்றுவரை நன்றாக இருந்தது, நான் எதையும் மாற்றவில்லை. நாளை காலை யூசர் டெஸ்டிங். யாராவது சொல்லுங்கள்.

கர்சர்_குமரன்: எந்த மெஷின்? மெயின்ஃப்ரேமின் 3270 டெர்மினலா, ஏஎஸ்/400-இன் 5250 டெர்மினலா? அந்த ஃபீல்டின் (உள்ளீட்டுக் கட்டத்தின்) சோர்ஸ் கோடைப் போடுங்கள்.

வாசு_77: எமுலேட்டர் (பிசியில் டெர்மினல் திரையைக் காட்டும் மென்பொருள்) கலர் செட்டிங்தான். எனக்கு ஒருமுறை கறுப்பின் மேல் கறுப்பு வந்து அரை நாள் போனது. ரீசெட் செய்யுங்கள்.

முகில்_ஆர்பிஜி: பக்கத்து சீட்டிலும் அதேதான் சார்.

வாசு_77: அவருடைய செட்டிங்கும் கெட்டிருக்கலாம்.

மெயின்ஃப்ரேம்_மாமா: புரோகிராம் அட்ரிபியூட் பைட்டில் (ஃபீல்டு எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் பைட்) டார்க், அதாவது 'மறை' என்று அனுப்புகிறது. மேப்பில் (திரை வரையறையில்) அடுத்த ஃபீல்டுக்கு முன் ஸ்டாப்பர், அதாவது இந்த ஃபீல்டை முடித்துவைக்கும் அட்ரிபியூட் பைட், வைத்தீர்களா?

பழைய_கை: எந்த மெஷின் என்றே சொல்லாதவருக்கு ஸ்டாப்பர் வைத்தியமா? தம்பி, "எதையும் மாற்றவில்லை" என்று வருபவர்கள் எல்லாரும் எதையோ மாற்றியவர்கள்தான். மேனுவல் என்று ஒன்று உண்டு, திறந்து பாருங்கள்.

முகில்_ஆர்பிஜி: மன்னிக்கவும், ஏஎஸ்/400. திரையை வரையறுக்கும் டிடிஎஸ் கோட்:

டிஎஸ்பிஏடிஆர்(யூஎல்)
டிஎஸ்பிஏடிஆர்(ஹெச்ஐ)
40 டிஎஸ்பிஏடிஆர்(ஆர்ஐ)
40 டிஎஸ்பிஏடிஆர்(பிசி)

யூஎல் அடிக்கோடு, ஹெச்ஐ பளிச், ஆர்ஐ தலைகீழ் நிறம், பிசி கர்சரை அங்கே நிறுத்த. 40 என்பது தப்பான எண் வந்தால் ஆன் ஆகும் இண்டிகேட்டர். கட்டம் பளிச்சென்று இருக்கணும் என்று யூசர் கேட்டதால் ஹெச்ஐ மட்டும் நேற்று சேர்த்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது.

கர்சர்_குமரன்: அதேதான்! 5250-இல் அடிக்கோடு, பளிச், தலைகீழ் மூன்றும் ஒரே ஃபீல்டில் சேர்ந்தால் என்டி (நான்-டிஸ்ப்ளே) ஆகிவிடும், அதாவது பாஸ்வேர்ட் கட்டம் மாதிரி. அட்ரிபியூட் பைட்டில் ஆர்ஐ 1, ஹெச்ஐ 2, யூஎல் 4. சாதாரண ஃபீல்டின் ஹெக்ஸ் 20-உடன் மூன்றும் சேர்ந்தால் ஹெக்ஸ் 27. அந்த இடத்தைத்தான் 'காட்டாதே' என்பதற்கு வைத்திருக்கிறார்கள். தப்பு வந்து 40 ஆன் ஆகும்போதுதான் மூன்றும் சேர்கின்றன. எண் உள்ளே பத்திரமாக இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. ஹெச்ஐ வரிக்கு முன் என்40 (40 ஆஃபாக இருந்தால் மட்டும்) போடுங்கள்.

மெயின்ஃப்ரேம்_மாமா: ஸ்டாப்பரும் வைத்துவிடுங்கள், நல்லது.

பழைய_கை: மாமா, 3270-இல் அடுத்த அட்ரிபியூட் பைட் வரும்வரை ஃபீல்டு ஓடும், அதனால் அங்கே ஸ்டாப்பர் வேண்டும். 5250-இல் ஃபீல்டைத் திறக்கும்போதே நீளமும் கூடப் போகிறது. இங்கே எதற்கு?

மெயின்ஃப்ரேம்_மாமா: உங்கள் பெட்டியில் மூன்று அலங்காரம் சேர்ந்தால் ஆளே மாயம். எங்களிடம் அந்தக் கூத்து இல்லை.

பழைய_கை: உங்களிடம் ஒரு ஃபீல்டு வழிந்து அடுத்ததைத் தின்னுமே, அது என்ன கூத்து?

வாசு_77: இரண்டையும் விட்டுவிட்டு வெப்புக்கு மாறுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது.

முகில்_ஆர்பிஜி: என்40 போட்டேன், தெரிகிறது. நன்றி குமரன் அண்ணா.

திரை_புதியவள் (ஏழு மாதம் கழித்து): எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் ஹெச்ஐ போடவே இல்லை. யூஎல், ஆர்ஐ, கலர்(டபிள்யூஹெச்டி), அதாவது வெள்ளை, மட்டும்தான்.

கர்சர்_குமரன்: வெள்ளையும் ஹெச்ஐயும் ஒரே பிட் அம்மா. கலர்(ரெட்) போட்டுப் பாருங்கள், அடிக்கோடும் தலைகீழும் சேர்ந்தே தெரியும்.